சத்திரத்துக்குப் போன சேவைக் குழு: ஒரு நிகழ்வு ஆய்வு

தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள ஒரு பழைய சத்திரத்தைச் சுத்தம் செய்ய எங்கள் சேவைச் சங்கம் போனது. முதல் நாளே கைப்பிடிச்சுவரில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். நான் அப்போது திட்டச் செயலாளர். அந்த நாளின் வேலைத்திட்டம் என் கையெழுத்தில்தான் போனது. சங்கத்தின் பெயர், சத்திரத்தின் பெயர், சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் எதையும் குறிப்பிடவில்லை. பழைய கட்டடங்களில் சேவை செய்ய நினைக்கும் மற்ற சங்கங்களுக்கு இது பயன்பட வேண்டும்.

பின்னணி

தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். காசியிலிருந்து நடந்து வரும் யாத்ரீகர்கள் தங்கவும் சாப்பிடவும் ஏற்பட்டவை அவை. பல சத்திரங்களுக்கு அரச குடும்பத்துப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் என்று இன்றும் வழக்கில் இருக்கின்றன.

இந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு, அதாவது தஞ்சையில் இருந்த கம்பெனிப் பிரதிநிதிக்கு, எழுதிய கடிதம் அது. 1799 உடன்படிக்கைக்குப் பிறகு நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. சத்திர தர்மமாவது குறையாமல் நடக்க வேண்டுமே என்ற கவலை அந்தக் கடிதம் முழுவதும் தெரிகிறது. வருகிறவர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் பண்டங்களும் உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். நோயாளி வந்தால் குணமாகும் வரை மருத்துவம் பார்ப்பார்கள். தஞ்சைக்கு தர்மராஜ்யம் என்ற பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைத்தான் தன் பதவிக்குப் பெரிய பெருமையாக நினைப்பதாக மன்னர் எழுதுகிறார். இப்படி ஒரு சேவை நடந்த இடம், சேவைச் சங்கம் என்று பெயர் வைத்திருக்கும் எங்களை ஈர்த்ததில் வியப்பில்லை. எங்கள் உறுப்பினரான கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாதக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசினார். அன்றே திட்டம் முடிவானது.

நாங்கள் போன சத்திரம் அளவில் நடுத்தரமானது. முன்னால் நீளமான திண்ணை, உள்ளே முற்றம், சுற்றிலும் மரத்தூண்கள், பின்னால் சமையல் கூடமும் கிணறும். ஒரு காலத்தில் மாணவர் விடுதியாக இருந்து, பிறகு பூட்டிக் கிடந்தது. பொறுப்பு அரசின் சத்திர நிர்வாகத்திடம் இருந்தது.

போவதற்கு முன் எடுத்த முடிவுகள்

அனுமதி கேட்டு எழுதினோம், கிடைத்தது. அந்தக் கடிதத்தில் இருந்த சொல் "சுத்தம் செய்ய" என்பது மட்டும்தான். நாங்கள் அதை விரித்துப் படித்துக்கொண்டோம். பெருக்குவது, செடி பிடுங்குவது, உதிர்ந்த பூச்சைச் சரிசெய்வது, பெயின்ட் அடிப்பது எல்லாமே சுத்தம்தானே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

வேலை நாள் ஒரே நாள் என்று வைத்தோம். மார்ச் மாதத்து ஞாயிறு. வெயில் ஏறுவதற்குள் முடித்து, பகலில் ஊர் மக்கள் 150 பேருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, மாலை திரும்புவது ஏற்பாடு. கட்டட ஒப்பந்தக்காரரான ஓர் உறுப்பினர் 6 மூட்டை சிமென்ட் கொடுத்தார். மனதாரக் கொடுத்தார், இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சுவருக்கு எமல்ஷன் பெயின்ட் வாங்கினோம். முன்கூட்டியே இடத்தைப் பார்க்கப் போனவர்கள் மூன்று பேர். அரை மணி நேரம் இருந்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள், எத்தனை லிட்டர் பெயின்ட் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். கூரையாக உள்ள மேல்தளத்தில் யாரும் ஏறிப் பார்க்கவில்லை. பக்கத்துத் தெருவில் யாரிடமும் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

காலை 8 மணிக்குக் குடும்பங்களோடு 34 பேர் போய்ச் சேர்ந்தோம். முதலில் பேனர் கட்டினோம். கட்டுவதற்கு வசதியாகத் திண்ணைத் தூண் ஒன்றில் ஆணி அடித்தார்கள். தேக்கு மரத்தில் ஆணி இறங்க மறுத்தது, மூன்றாவது அடியில் இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் மூன்று குழுக்களாகப் பிரிந்தோம். ஒரு குழு முற்றத்தைப் பெருக்கியது. இரண்டாவது குழு பின்சுவரில் பூச்சு உதிர்ந்த இடங்களில் சிமென்ட் கலவை வைத்தது. மூன்றாவது குழு இளைஞர்கள். தளத்தின் கைப்பிடிச்சுவரில் முளைத்திருந்த அரசஞ்செடிகளைப் பிடுங்குவது அவர்கள் வேலை.

சுமார் 9 மணிக்கு வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றிருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்துத் தெருக்காரர், கொத்தனார் வேலை பார்த்தவர். வாசலில் நின்ற எங்கள் பையனிடம் அவர் சொன்னதை அந்தப் பையன் பிறகு என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னான்: "தம்பி, அந்தச் செடிய இழுக்க வேணாம்னு சொல்லுங்க. வேரு உள்ள போயிருச்சு. இப்ப அதுதான் சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்குது." பையன் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறான். அவர்கள் வேலையில் இருந்தார்கள். பெரியவர் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

10.30 மணிக்கு, கை மணிக்கட்டுத் தடிமன் இருந்த ஒரு செடியைக் கயிறு கட்டி மூன்று பேர் இழுத்தார்கள். செடி வந்தது. கூடவே கைப்பிடிச்சுவரில் நான்கடி நீளம் முற்றத்துக்குள் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அதற்குப் பத்து நிமிடம் முன்புவரை அதே இடத்தின் நிழலில் எங்கள் குழந்தைகள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போனதால் தப்பினார்கள். அவர்களில் ஒன்று என் மகள்.

நிறுத்துவதா, தொடர்வதா

முற்றத்திலேயே கூடிப் பேசினோம். இரண்டு கருத்துகள் இருந்தன. விழுந்தது எப்படியும் விழ வேண்டியதுதான், மற்ற இடங்களில் வேலையைத் தொடரலாம், இவ்வளவு பேர் வந்தாயிற்று, பெயின்ட் வாங்கியாயிற்று என்றார்கள் சிலர். நிறுத்த வேண்டும் என்றவர்களில் தலைவரும் இருந்தார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இந்தச் சுவர் விழும் என்று நமக்குத் தெரியாமல்தானே இருந்தது, அப்படியானால் வேறு என்னவெல்லாம் தெரியாமல் இருக்கிறோம்? அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. நிறுத்தினோம். சாப்பாடு போடுவதை மட்டும் திட்டப்படி செய்தோம்.

அப்போதுதான் பையன் பெரியவரைப் பற்றிச் சொன்னான். நானும் தலைவரும் அவர் வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தோம். அவர் விழுந்த செங்கல்லை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் கடிந்து பேசவில்லை. பின்சுவரில் நாங்கள் வைத்த சிமென்ட்டைப் பார்த்ததும்தான் முகம் மாறியது. "இது சுண்ணாம்புச் சுவரு தம்பி. சிமென்ட்டு ஒட்டிக்கும், ஒத்துப்போவாது. ஈரமா இருக்கும்போதே எடுத்துருங்க" என்றார்.

காரணத்தை எளிமையாகச் சொல்லலாம். சுண்ணாம்புச் சாந்து காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சித்தான் இறுகுகிறது. இறுகிய பிறகும் அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். தரையிலிருந்தும் மழையிலிருந்தும் சுவருக்குள் போகும் ஈரம் அந்தப் பூச்சு வழியாகவே வெளியேறிவிடும். சிமென்ட் பூச்சு அடர்த்தியானது, பழைய செங்கல்லைவிடக் கடினமானது. ஈரம் அதன் பின்னால் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் மென்மையாக உள்ள செங்கல் வழியாக வெளியே வரும். வரும்போது உப்பையும் கொண்டுவரும். உப்பு உள்ளேயே படிகமாகும்போது செங்கல் மாவாக உதிரும். எமல்ஷன் பெயின்ட்டும் ஈரத்தை இப்படித்தான் அடைக்கிறது. போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றதே 1824இல்தான். சரபோஜி அந்தக் கடிதத்தை எழுதியபோது இப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை. இந்தச் சுவர்கள் அதை அறியாமல் கட்டப்பட்டவை.

மாலைக்குள் ஈரமாக இருந்த சிமென்ட்டைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டோம். காலையில் முதலில் வைத்த ஓர் இடம் மட்டும், சுமார் 6 சதுர அடி, வெயிலில் இறுகிவிட்டது. அதை உளியால் கொத்தினால் செங்கல்லும் சேர்ந்து வரும் என்று கொத்தனார் தடுத்தார். விட்டுவிட்டோம். தூணில் அடித்த ஆணியை அவரே மெதுவாக அசைத்து எடுத்தார்.

அலுவலகத்துக்கு எழுதிய கடிதம்

இரவே நிர்வாகக் குழு கூடியது. நடந்ததை அப்படியே எழுதி, படங்களோடு அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நான் சொன்னேன். எதிர்ப்பு இருந்தது. எங்களுக்குக் கெட்ட பெயர் வரும், இனி எந்தச் சங்கத்துக்கும் அனுமதி தரமாட்டார்கள், பழைய சுவர் தானாக விழுந்தது என்று எழுதினால் அதுவும் பொய்யில்லையே என்றார்கள். இந்தக் கடைசி வாதம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது, ஏனென்றால் அது பாதி உண்மை. வேர் பல ஆண்டுகளாகச் சுவரைப் பிளந்திருந்தது. ஆனால் கயிறு கட்டி இழுத்தவர்கள் நாங்கள்.

வாக்கெடுப்பில் கடிதம் அனுப்புவது என்று முடிவாயிற்று. எங்கள் அனுமதி எதற்கு, நாங்கள் செய்தது என்ன, விழுந்தது எவ்வளவு, இறுகிப்போன சிமென்ட் எங்கே இருக்கிறது என்று எல்லாம் எழுதினோம். விழுந்த செங்கற்களை எண்ணி, சமையல் கூடத்தின் ஓரத்தில் அடுக்கி வைத்திருப்பதையும் எழுதினோம். இந்தச் செய்கைதான் பின்னால் பெரிய உதவியாக இருந்தது. பழைய செங்கல் இன்றைய செங்கல்லைவிட மெலிது, அளவே வேறு. அள்ளிக் கொட்டியிருந்தால் மாற்றுச் செங்கல் தேடி அலைந்திருப்போம்.

பதில் வர 7 வாரம் ஆனது. அந்த 7 வாரமும் சங்கத்துக்குள் நல்ல காலம் இல்லை. சிமென்ட் கொடுத்தவர் இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. அவர் கொடுத்ததைக் குற்றம் போல யாரோ பேசிவிட்டார்கள். நானும் தலைவரும் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். பிறகு வந்தார், கடைசிவரை உடன் நின்றார்.

பதிலில் கண்டிப்பு இருந்தது, கதவு மூடப்படவில்லை. ஜூனில் ஓர் அலுவலர் வந்து பார்த்தார். இனி எந்த வேலையும் எழுத்தில் தனித்தனியாகச் சொல்லப்பட்ட பிறகே செய்ய வேண்டும், சிமென்ட் கூடாது, தூண்களைத் தொடக்கூடாது, பழைய கட்டட வேலை தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வந்தன. ஒவ்வொன்றும் நியாயமானது. பெயின்ட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம்.

மழையில் பார்த்தது

அடுத்து என்ன செய்யலாம் என்று கொத்தனாரிடம் கேட்டபோது, மழை வரட்டும் என்றார். வெயிலில் வந்து பார்த்தால் சுவர் எதையும் சொல்லாது என்பது அவர் அனுபவம். எங்களுக்கு அது தள்ளிப்போடுவது போலத் தோன்றியது. உறுப்பினர்களுக்கு ஒரு தேதி வேண்டும், ஒரு நிகழ்ச்சி வேண்டும். அந்த ஆண்டு அறிக்கையில் எழுத எதுவும் இல்லாமல் போகிறதே என்று நானும் கவலைப்பட்டேன். ஆனாலும் காத்திருந்தோம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் ஐந்து பேர் மட்டும் குடையோடு போனோம். பேனர் இல்லை. நாள் முழுக்க உள்ளே நின்று, தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று ஒரு வரைபடத்தில் குறித்தோம். வேறு எந்த நாளைவிடவும் அந்த ஒரு நாளில்தான் நாங்கள் அதிகம் கற்றுக்கொண்டோம்.

வடக்குப் பக்கச் சுவர் ஈரத்துக்குக் காரணம் சுவரே அல்ல. மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய முறையில் கட்டியது. மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டையான ஓடுகளை (தட்டோடு) பதித்திருப்பார்கள். வாட்டம், அதாவது தண்ணீர் வழிந்தோடும் சரிவு, சரியாக இருக்கும்வரை அதில் தண்ணீர் நிற்காது. இங்கே வாட்டம் இருந்தது, தண்ணீர் வெளியேறும் துளைகளான தூம்புகள்தான் சரியாகத் திறந்திருக்கவில்லை. மொத்தம் 7 தூம்புகளில் 5 அடைத்திருந்தன. நான்கில் இலையும் மண்ணும். ஐந்தாவதை முன்பு யாரோ ஒரு பழுதுபார்ப்பின்போது சிமென்ட் வைத்தே மூடியிருந்தார்கள். தண்ணீர் தேங்கித் தட்டோட்டின் இடுக்கு வழியாக இறங்கி, மரக்கட்டையின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் நனைத்துக்கொண்டிருந்தது. அரசஞ்செடிகளும் அடைபட்ட தூம்புகளின் வாயில்தான் அடர்ந்து வளர்ந்திருந்தன. அங்கேதான் ஈரம், அங்கேதான் மண். மார்ச்சில் நாங்கள் அந்தச் செடிகளைப் பகை என்று நினைத்தோம். அவை தண்ணீர் தேங்கும் இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றன.

மழை விட்ட இரண்டு நாட்களில், அலுவலகத்தின் எழுத்து அனுமதியோடு, தூம்புகளைத் திறந்தோம். நான்கு பேர், ஒன்றரை நாள் வேலை, ஒரு வாளி, ஒரு கம்பி. சிமென்ட் வைத்து மூடியதைத் திறக்க மட்டும் கொத்தனார் அரை நாள் எடுத்துக்கொண்டார். நவம்பரில் அடுத்த பெருமழையில் மறுபடி போய் நின்றோம். வடக்குப் பக்கத்தில் அக்டோபரில் குறித்த ஈரக் கோட்டில் பாதிக்கு மேல் காய்ந்திருந்தது. சமையல் கூடத்தின் மேல் மட்டும் ஒழுக்கு நிற்கவில்லை. அங்கே தளத்தையே பிரித்துக் கட்ட வேண்டும், அது எங்கள் சக்திக்கு மீறியது. அதையும் எழுதி அனுப்பினோம்.

அதே நாளில் நாங்கள் விட்டுவைத்த 6 சதுர அடி சிமென்ட்டையும் பார்த்தோம். சிமென்ட் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, செங்கல் தொட்டால் மாவாக வந்தது. கொத்தனார் சொன்னதை நான் நம்பாமல் இருந்ததில்லை. இருந்தாலும் கண்ணால் பார்ப்பது வேறு. சிமென்ட் கொடுத்த உறுப்பினர் அந்த மாவைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரைத் திருப்பிக் கட்டியது

கைப்பிடிச்சுவரை ஜனவரியில் கட்டினோம். மழை ஓய்ந்த காலம், வெயிலும் சுடாது. சுண்ணாம்பு வேகமாகக் காய்ந்தால் வெடித்துவிடும். சுண்ணாம்பைக் கொத்தனார் நவம்பர் கடைசியிலேயே குழியில் தண்ணீர் விட்டு நீற்றி ஊறவைத்திருந்தார். கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில்தான் சாந்தைக் குழைத்தார். இதைக் கற்றுக்கொள்ள இரண்டு இளம் கொத்தனார்களை அழைத்து வந்து, பெயின்ட்டுக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து கூலி கொடுத்தோம். அடுக்கி வைத்த செங்கற்களில் உடையாதவை எல்லாம் திரும்பச் சுவருக்கே போயின. மிச்சமிருந்த அரசஞ்செடிகளை இழுக்கவில்லை. அடியோடு வெட்டி, வேர் காய்ந்து சுருங்கும்வரை மீண்டும் மீண்டும் தளிரைக் கிள்ளி, பிறகு அந்த இடத்தை மட்டும் பிரித்து வேரை எடுத்து, சாந்தால் அடைத்தார்கள். உறுப்பினர்கள் செய்த வேலை தண்ணீர் தெளிப்பதும் ஈரச் சாக்குப் போடுவதும்தான். முறை வைத்துக்கொண்டு மூன்று வாரம் செய்தார்கள். மார்ச்சில் வந்த 34 பேரில் 19 பேர் இந்த முறையில் இருந்தார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இப்படி ஓர் இடத்துக்கு மறுபடி போவதானால், முதல் முறை வேலை செய்யவே போகமாட்டோம். பார்க்கத்தான் போவோம், அதுவும் மழையில். ஒரு பருவம் முழுக்கக் காத்திருக்க முடியாத சங்கம் பழைய கட்டடத்தைத் தொடாமல் இருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அனுமதிக் கடிதத்தில் உள்ள சொல்லை அதன் மிகக் குறுகிய பொருளில் படிப்போம். பெருக்குவது தவிர ஒவ்வொரு வேலைக்கும் தனியாகக் கேட்போம். அக்கம்பக்கத்தில் வசிப்பவர்கள் வந்து ஏதாவது சொன்னால் அதைக் கேட்டு, வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவரை வாசலில் நிறுத்துவோம். அன்று எங்கள் வாசலில் நின்றது பதினைந்து வயதுப் பையன். அவன்மேல் எந்தத் தவறும் இல்லை, அவனிடம் இதை நேரிலும் சொல்லிவிட்டோம். உயரத்தில் வேலை நடக்கும்போது கீழே யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, அனுமதிக்கக்கூடாது என்பது எந்தக் கட்டட வேலையிலும் அடிப்படை விதி. சேவை நாள் என்றதும் அதை மறந்தோம்.

நன்கொடை வாங்கும் முறையையும் மாற்றினோம். பொருளாகத் தருவதானால் என்ன பொருள் தேவை என்று முடிவான பிறகே வாங்குகிறோம். பொருள் முன்னால் வந்துவிட்டால் வேலை அதற்கு ஏற்றபடி வளைந்துவிடுகிறது.

இன்னும் தீராத ஒன்று அந்த 6 சதுர அடி. சுற்றியுள்ள உதிரலைச் சுண்ணாம்பு வைத்து ஓரளவு நிறுத்தியிருக்கிறோம். சிமென்ட்டை எடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, இன்னொரு மழைக்காலம் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார். அக்டோபரில் அவரோடு போகிறோம்.